ஹோலோடைப்: தமிழில் என்ன சொல்லலாம்?

புதிதாக ஒரு நத்தைச் சிற்றினத்தை விவரிக்கும் கட்டுரையில், பெயருக்குக் கீழே பெரும்பாலும் முதலில் வருவது ‘ஹோலோடைப்’ என்ற சொல். அதன் எதிரே ஓர் அருங்காட்சியகத்தின் பெயர், பதிவு எண், ஓட்டின் உயரம், அகலம், எடுத்த இடம், தேதி எல்லாம் இருக்கும். ஊட்டி, குன்னூர் பக்கம் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் இதைத் தமிழில் ‘முன்மாதிரி’ என்று எழுதுகிறார்கள். ‘முழு மாதிரி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டுமே படிப்பவரை வேறு பக்கம் கொண்டுபோய்விடுகின்றன.

சொல்லின் வேர்கள் கிரேக்கம். ‘ஹோலோஸ்’ என்றால் முழுமை. ‘டைபோஸ்’ என்றால் அடித்துப் பதிந்த தடம். நம் ‘அச்சு’ அதற்கு மிக அருகில் வரும். இரண்டையும் இணைத்து 1897-இல் இந்தச் சொல்லை உண்டாக்கியவர் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் சார்லஸ் ஷூகர்ட்.

சரி, அது எதைக் குறிக்கிறது? ஒரு சிற்றினத்துக்குப் பெயர் சூட்டுபவர், “நான் வைக்கும் பெயர் இதற்குத்தான்” என்று தன் கட்டுரையில் குறித்துவைக்கும் ஒரே ஓர் உயிரியைக் குறிக்கிறது. அந்த இனத்திலேயே அழகானது என்றோ சராசரியானது என்றோ அதற்குப் பொருள் இல்லை. நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரத்தைக் கேட்பது போலத்தான் இது. தாய்ப்பத்திரம் பழுப்பேறி ஓரம் கிழிந்திருக்கலாம், பின்னால் வந்த நகல்கள் பளிச்சென்று இருக்கலாம். தகராறு என்று வந்தால் தாய்ப்பத்திரத்தைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

நத்தைகளில் இந்தத் தகராறு அடிக்கடி வரும். இரண்டு மலைகளில் கிடைத்த ஓடுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உடலை அறுத்து இனப்பெருக்க உறுப்புகளையும், நாக்கில் வரிசையாக அமைந்த நுண்பற்களையும் பார்த்தால், அப்புறம் மரபணுவையும் ஒப்பிட்டால், இரண்டும் வெவ்வேறு இனம் என்று தெரியவரும். அப்போது பழைய பெயர் எந்த மலை நத்தைக்கு? ஹோலோடைப் எந்த இனமோ, பெயர் அதற்கே. மற்றது புதுப் பெயர் பெறும். இதனால்தான் முழுதாக வளர்ந்த நத்தையை ஹோலோடைப்பாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. பல இனங்களில் அப்படி வளர்ந்த பிறகுதான் ஓட்டின் வாய்விளிம்பு தடித்து வெளிப்பக்கம் மடியும். குஞ்சின் ஓட்டில் அந்த அடையாளம் இருக்காது. சோலைக்காட்டுச் சருகில் வெளுத்துக் கிடக்கும் வெற்று ஓட்டைவிட, உடலைச் சாராயத்தில் பாதுகாத்து வைத்த நத்தை பின்னால் வருபவர்களுக்கு எவ்வளவோ பயன்படும்.

நீலகிரி நத்தைகள் பலவற்றுக்குப் பெயர் வைத்த காலத்தில் இந்தச் சொல்லே கிடையாது. வங்காளத்தில் அரசுப் பணி செய்த வில்லியம் ஹென்றி பென்சன், மேற்குத் தொடர்ச்சி மலையின் வண்ண நத்தையான இந்த்ரெல்லா ஆம்புல்லாவை 1850-இல் விவரித்தார். அவருடைய தொகுப்பு இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பலர் தங்கள் கையில் இருந்த ஓடுகளில் எது பெயருக்கு உரியது என்று குறிக்கவில்லை. பின்வந்தவர்கள் அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்து நிலைநிறுத்த வேண்டியதாயிற்று.

1860-இல் நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் நீலகிரியின் பெயரால் ஒபிஸ்தோஸ்டோமா நீல்கிரிக்கம் என்ற நத்தையை விவரித்தார்கள். மிகச் சிறியது, சில மில்லிமீட்டர் அளவே. அதன் ஓட்டின் கடைசிச் சுற்று விலகித் திரும்பிவிடுவதால் வாய் பின்பக்கம் பார்க்கும். நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்த தொகுதியே பேரினம். இந்த நத்தையின் பேரினப் பெயரான ‘ஒபிஸ்தோஸ்டோமா’வுக்குப் பொருளே ‘பின்வாய்’ என்பதுதான். இந்தப் பேரினத்தில் மலேசியாவின் சுண்ணாம்புப் பாறைகளில் வாழும் நத்தைகள் பல பின்னால் சேர்க்கப்பட்டன. ஆனாலும் அந்தப் பேரினப் பெயருக்கு ஆதாரமாக நிற்பது நம் நீலகிரி இனமே. சிற்றினப் பெயருக்கு ஓர் உயிரி ஆதாரம் என்றால், பேரினப் பெயருக்கு ஒரு சிற்றினம் ஆதாரம். எனக்கு இது மிகவும் பெருமையான செய்தி.

‘மாதிரி’ என்ற சொல் இங்கே ஏன் போதாது என்பதும் இதில் தெரிகிறது. ஒரு சிற்றினத்தை ‘மாதிரி’ என்று சொல்ல முடியாது. பெயருக்கு ஆதாரம் என்ற கருத்துதான் இரண்டுக்கும் பொது. ‘பெயர்மூலம்’ என்று முதலில் தோன்றும். ஆனால் எழுத்தில் அது ‘பெயரின் வழியாக’ என்று படிக்கப்பட்டுவிடும். ‘பெயர்ச்சான்று’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பிறப்புச் சான்று, சாதிச் சான்று என்று புழங்கும் நமக்கு அது அந்நியமாகவும் இருக்காது.

இதிலிருந்து மற்றவையும் எளிதாகக் கிடைக்கும். ஹோலோடைப், ‘ஒற்றைப் பெயர்ச்சான்று’. ஆசிரியர் பலவற்றைச் சேர்த்துப் பெயருக்கு ஆதாரமாக்கினால் வரும் சின்டைப், ‘கூட்டுப் பெயர்ச்சான்று’. அவற்றுள் பின்னால் ஒன்றைத் தேர்ந்தால் லெக்டோடைப், அதாவது ‘தேர்ந்த பெயர்ச்சான்று’. எல்லாம் அழிந்துபோய், வேறு வழியில்லாத நிலையில் புதிதாக நிறுத்துவது நியோடைப். ‘மாற்றுப் பெயர்ச்சான்று’ எனலாம்.

1999-க்குப் பிறகு வெளியாகும் சிற்றினப் பெயருக்கு ஒற்றையோ கூட்டோ பெயர்ச்சான்றை வெளிப்படையாகக் குறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது என்கிறது விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், புதிய இனம் கண்டவர் அதன் சான்று மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது.

பாராடைப் மட்டும் தனி. ஹோலோடைப்போடு சேர்த்து ஆசிரியர் பட்டியலிடும் மற்ற உயிரிகள் அவை. அளவில், நிறத்தில் அந்த இனம் எப்படியெல்லாம் மாறுபடுகிறது என்பதை அவை காட்டும். ஆனால் பெயரைத் தாங்குவதில்லை. ஒலியில் ‘டைப்’ என்று முடிவதால் இதையும் அதே வரிசையில் வைத்துவிடத் தோன்றும். தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமே வேண்டாம். இதைத் ‘துணை மாதிரி’ என்று எழுதினால் போதும், ‘பெயர்ச்சான்று’ என்ற சொல்லை இதன் சீட்டில் எழுதக் கூடாது.