மெடிக்கலில் இது ஏன் பிடிபடவில்லை என்று கேட்பவர்களுக்கு

ஒரு ராணுவ விமானம் விழுந்து, விசாரணை முடிவில் 'ஸ்பேஷியல் டிஸ்ஓரியண்டேஷன்' (சுருக்கமாக எஸ்.டி., விமானத்தின் நிலை பற்றிப் பைலட்டுக்கு வரும் குழப்பம்) என்று வந்துவிட்டால் போதும். அடுத்த ஒரு வாரத்துக்கு என் போனில் ஒரே கேள்விதான். "டாக்டர், தலைசுற்றல் இருக்கிற ஆளை எப்படிப் பறக்க விட்டார்கள்? மெடிக்கல் பரிசோதனையில் இதெல்லாம் தெரியாதா?" விமான மருத்துவத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. இத்தனை நாள் பொறுமையாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த முறை கேட்டவர் பயிற்சியில் இருக்கும் ஒரு இளம் பைலட். கேட்டதோடு நிற்காமல், "நமக்கெல்லாம் அது வராது சார்" என்றும் சேர்த்துக்கொண்டார். இதற்கு மேல் போனில் சொல்லிப் பயனில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மெடிக்கலில் தெரியாது. தெரிவதற்கு அங்கே நோய் எதுவும் இல்லை. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பைலட்டின் மூளை தப்பாகக் கணக்குப் போடுவதுதான் எஸ்.டி. அப்படிக் கணக்குப் போடும் மூளையும் நல்ல மூளை, அதற்குத் தகவல் கொடுக்கும் காதும் நல்ல காது. உண்மையில் உள்காது வேலை செய்யாதவர்களுக்குத்தான் இந்தச் சுழற்சி மயக்கங்கள் வருவதில்லை. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் காது கேளாத 11 பேரைப் பல வருடம் சோதித்தன. அவர்களில் பெரும்பாலோர் சிறு வயதில் மூளையுறை அழற்சியில் (மெனிஞ்சைட்டிஸ்) உள்காதை இழந்தவர்கள். எத்தனை சுற்றினாலும், கப்பலில் ஏற்றிக் குலுக்கினாலும் அவர்களுக்குக் குமட்டவே இல்லை. ஆக, "எனக்கு வந்ததே இல்லை" என்று ஒரு பைலட் சொன்னால் எனக்கு இரண்டு சந்தேகம் வரும்: காதைப் பரிசோதிக்க வேண்டும், அல்லது வந்ததை அவர் கவனிக்கவே இல்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

உள்காதின் படம் வரைந்து பாகம் குறிக்கப் போவதில்லை, அது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. என்னை எரிச்சலூட்டுவது வேறொன்று: "விமானம் சாய்ந்தால் உடம்புக்குத் தெரியாமலா போகும்?" என்ற நம்பிக்கை. படித்தவர்கள், விமானத்தில் அடிக்கடி போகிறவர்கள், ஏன், சில பைலட்டுகள்கூட இதை நம்புகிறார்கள். கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

தெரியாது. விமானம் மெதுவாகச் சாய ஆரம்பித்தால், அதாவது சுழற்சியின் முடுக்கம் வினாடிக்கு வினாடி சுமார் 2 டிகிரிக்குக் கீழே இருந்தால், உள்காதில் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழாய்கள் அதைப் பதிவே செய்வதில்லை. வேகமாகத் திரும்பினால் பதிவு செய்யும். ஆனால் அதே திருப்பம் சீராகப் பத்து இருபது வினாடி நீடித்தால் உள்ளே இருக்கும் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். 'நேராகப் போகிறோம்' என்று காது சொல்லும். சரி, உடம்பின் எடை சொல்லாதா என்றால், அதுவும் சொல்லாது. ஒழுங்காகத் திரும்பும் விமானத்தில் எடை எப்போதும் இருக்கைக்கு நேர் கீழேதான் அழுத்தும். 30 டிகிரி சாய்வில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாலும் அதன் மட்டம் டம்ளரின் விளிம்புக்கு இணையாகவே நிற்கும். சன்னலை மூடிவிட்டால் பயணிக்கு எதுவும் தெரிவதில்லை அல்லவா? பைலட்டுக்கும் அதே காதுதான், அதே இடுப்புதான்.

இப்போது அவர் கருவியைப் பார்த்து விமானத்தை நேராக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். காதுக்கு இது புதிய திருப்பம். 'எதிர்ப்பக்கம் சாய்கிறோம்' என்று கத்தும். விமானம் நேராகப் போக, உள்ளே பைலட் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். ஸ்க்வாட்ரன்களில் (விமானப்படைப் பிரிவுகளில்) இதை 'லீன்ஸ்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மேகத்துக்குள் ஃபார்மேஷனில், அதாவது மற்ற விமானங்களோடு நெருங்கி அணியாக, பறந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். சிரிப்பு எப்போது நிற்கும் என்றால், காது சொன்னதைக் கேட்டு அவர் மறுபடி பழைய பக்கமே சாய்க்கும்போது. உயரம் குறையும். மூக்கைத் தூக்க ஸ்டிக்கை இழுப்பார். சாய்ந்த விமானத்தில் இழுத்தால் சுற்று இறுகுமே தவிர மேலே ஏறாது.

இருட்டில் டேக்-ஆஃப் இன்னொரு பொறி. முன்னோக்கிய முடுக்கமும் புவியீர்ப்பும் சேர்ந்து, மூக்கு மேலே எழும்பிவிட்டதாக ஏமாற்றும். 1 ஜி முடுக்கம் (புவியீர்ப்புக்குச் சமமானது) என்றால் 45 டிகிரி மேல்நோக்கிப் போவதுபோல் தோன்றும். கீழே விளக்கு இல்லாத கடல், மேலே மேகம். 'அதிகமாக ஏறுகிறோம்' என்று நினைத்து மூக்கைக் கீழே தள்ளுவார். அந்த உயரத்தில் தவறைத் திருத்த நேரம் கிடையாது.

"அனுபவம் இருந்தால் வராது" என்பது அடுத்தது. 1926-லேயே இது உடைந்துவிட்டது. அமெரிக்க ராணுவத்தின் மூத்த விமானி வில்லியம் ஆக்கரைக் கண்ணைக் கட்டிச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார் டேவிட் மையர்ஸ் என்ற மருத்துவர். நாற்காலி நின்ற பிறகு, எதிர்த்திசையில் சுற்றுகிறேன் என்றார் ஆக்கர். அவ்வளவு வருடம் பறந்த அனுபவம் அந்த நாற்காலியில் உதவவில்லை. திருப்பத்தைக் காட்டும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடி உட்கார்ந்த பிறகுதான் சரியாகச் சொன்னார். அதற்கு மூன்று வருடம் கழித்து, 1929-ல், ஜிம்மி டூலிட்டில் மூடிய காக்பிட்டில் கருவிகளை மட்டும் பார்த்து ஏறி, சுற்றி, இறங்கியும் காட்டினார். கிட்டத்தட்ட நூறு வருடமாகத் தெரிந்த விஷயம் இது.

2019 ஏப்ரல் 9 இரவு ஜப்பானின் மிசாவா தளத்திலிருந்து கிளம்பிய எஃப்-35ஏ போர் விமானம் கடலில் விழுந்தது. பைலட் 3,200 மணி நேரம் பறந்தவர். ஆனால் அந்த ரகத்தில் 60 மணி நேரம்தான். பயிற்சியை நிறுத்துவதாக ரேடியோவில் அமைதியான குரலில் சொன்னார். பிறகு மணிக்கு 1,100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் விமானம் கீழே போனது. தப்பிக்க முயன்ற அடையாளமே இல்லை. அந்த அமைதியான குரலைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். தலை சுற்றியவர் அப்படிப் பேசமாட்டார். 2022 ஜனவரியில் அதே நாட்டின் கோமாட்ஸு தளத்திலிருந்து கிளம்பிய எஃப்-15 ஒன்று உடனே கடலில் விழுந்ததற்கும் எஸ்.டி.யே காரணம் என்று முடிவானது. அதில் இருந்த இருவரில் ஒருவர், மற்ற போர் விமானிகளுக்கு எதிரியாகப் பறந்து பயிற்சி கொடுக்கும் பிரிவின் தளபதி. இவருக்கா அனுபவம் போதவில்லை?

நம் பக்கம் குன்னூர். ஜெனரல் பிபின் ராவத் உயிரிழந்த 2021 டிசம்பர் 8 எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் விபத்தைப் பற்றி முப்படை விசாரணைக் குழு அடுத்த மாதம் தந்த முதற்கட்ட முடிவு தெளிவாகவே இருந்தது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, பைலட்டுக்கு ஸ்பேஷியல் டிஸ்ஓரியண்டேஷன் ஏற்பட்டது, தரையில் மோதியது. இயந்திரக் கோளாறு, சதி, அலட்சியம் மூன்றும் இல்லை என்றும் சொன்னார்கள். 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் அட்டவணையில் அதே விபத்துக்கு நேரே 'மனிதத் தவறு (விமானக் குழு)' என்று வந்தது. வகைப்படுத்த ஒரு கட்டம் வேண்டும், புரிகிறது. ஆனால் அந்த ஒரு கட்டத்தைப் படித்துவிட்டு, அலட்சியம் இல்லை என்று சொன்னதை மறந்துவிட்டு, இறந்தவர்களைத் திட்டி எழுதியவர்களைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

சரி, பறப்பவர்களுக்கு வருகிறேன்.

கண்ணால் பறக்கிறீர்களா, கருவியால் பறக்கிறீர்களா என்று முடிவெடுங்கள். பாதி வெளியே, பாதி உள்ளே என்று பார்வை அலையும் நேரம்தான் ஆபத்து. மேகம் நெருங்கும்போதே பார்வையை உள்ளே கருவிகளுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், நுழைந்த பிறகு அல்ல. 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பறப்புத் தெரியாத 20 மாணவர்களைச் சோதித்தார்கள். வெளிப்பார்வை போன பிறகு சராசரியாக 178 வினாடியில் கட்டுப்பாடு போனது. இருபது பேருக்கும் போனது. கருவிப் பறப்புக் கற்றவர்தானே நீங்கள்? கடைசியாக எப்போது கருவியால் பறந்தீர்கள் என்று உங்கள் லாக் புக்கைப் பாருங்கள்.

திரும்பிக்கொண்டிருக்கும்போது குனிந்து எதையும் எடுக்காதீர்கள். ரேடியோ அலைவரிசையை மாற்றத் தலையைத் திருப்பினால்கூடக் காக்பிட் புரள்வதுபோல் ஆகும். நைட் விஷன் கண்ணாடியில் பார்வைப் புலம் 40 டிகிரி அளவுதான். விமானத்தின் நிலையைச் சொல்வது பெரும்பாலும் ஓரப்பார்வை, அதைத்தான் அந்தக் கண்ணாடி வெட்டிவிடுகிறது. ஃபார்மேஷனில் லீடராக இருந்தால் மேகத்துக்குள் திருப்பங்களை மெதுவாகச் செய்யுங்கள். பக்கத்தில் வருபவர் கருவியைப் பார்ப்பதில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சளிக்கு நீங்களாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பறக்காதீர்கள். எத்தனை முறை சொல்வது? நேற்று இரவு குடித்தது ரத்தத்தில் தீர்ந்த பிறகும் உள்காதில் சில மணி நேரம் வேலை செய்யும். தூக்கம் இல்லாமல் வந்தால் வந்து சொல்லுங்கள், யாரும் தலையை வாங்கமாட்டார்கள்.

எஸ்.டி. வந்துவிட்டால்? கருவியை நம்புங்கள், இறக்கைகளை நேராக்குங்கள், ஆட்டோபைலட் இருந்தால் போடுங்கள், இன்னொருவர் இருந்தால் கன்ட்ரோலை ஒப்படையுங்கள். குறித்த உயரத்துக்குள் சரியாகவில்லை, எஜெக்ஷன் சீட் இருக்கிறது என்றால் வெளியேறுங்கள். விமானம் போனால் போகட்டும். அமெரிக்க விமானப்படையின் எஃப்-16-கள் பலவற்றில் 2014 முதல் தரையை நெருங்கினால் தானே மேலே இழுக்கும் அமைப்பு இருக்கிறது. அது உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. எல்லா விமானத்திலும் வரும்வரை உங்கள் கையே அந்த அமைப்பு.

அப்புறம் தளபதிகளுக்கு ஒரு வேண்டுகோள். லீன்ஸ் வந்தது என்று ஒருவர் டிபிரீஃபிங்கில் (பறந்து வந்த பிறகு நடக்கும் கூட்டத்தில்) எழுந்து சொன்னால் அவரைக் கேலி செய்யாதீர்கள், உடனே என்னிடம் அனுப்பிக் கிரவுண்ட் செய்ய, அதாவது பறக்கவிடாமல் நிறுத்த, சொல்லவும் வேண்டாம். ஒருவருக்கு அப்படி நடந்தால் மற்றவர்கள் அதன்பின் வாயே திறப்பதில்லை. யாருக்கு, எந்த உயரத்தில், எந்த நேரத்தில், எந்தத் திருப்பத்தில் வந்தது என்பது எழுத்தில் இருந்தால் அடுத்த இரவுப் பறப்பின் பிரீஃபிங்கில் அதைச் சொல்லலாம். நீண்ட விடுப்பில் இருந்து வந்தவரை முதல் வாரமே நிலவில்லாத இரவில் கடல் மேல் அனுப்பாதீர்கள். சிமுலேட்டரில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு அனுப்புங்கள், ரோஸ்டர் ஒரு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை.