பனியாறு கரைந்ததைக் காட்ட ஏதோ இரண்டு படம் போதாது

பள்ளி லீவில் கங்கோத்ரி போய் வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஜோடிப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது: 'கோமுகம் அன்றும் இன்றும்'. கோமுகம் என்பது கங்கோத்ரி பனியாறு முடியும் இடம். இப்போது கோவையில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் அதையே ஆளுயரத்துக்கு அச்சடித்து வைத்துவிட்டார்கள். பழைய படம் மே மாதத்தில் எடுத்தது, புதியது அக்டோபரில். ஏனுங்க, மே மாதத்தில் அங்கே குளிர்காலத்துப் பனியே முழுசாகக் கரைந்திருக்காது. அக்டோபரில் பாறை தெரியும். இந்த வித்தியாசம் ஒரே வருசத்துக்குள் வருவது. கங்கோத்ரி பனியாறு பின்வாங்குவது உண்மை. ஆனால் இப்படிப்பட்ட படத்தைக் காட்டினால், நம்பாதவர்கள் கையில் நாமே தடியைக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

ஒழுங்காகச் செய்தவர்களைப் பாருங்கள். அலாஸ்காவின் முயர் பனியாற்றைப் பனியாற்று ஆய்வாளர் வில்லியம் ஃபீல்டு படமெடுத்தது 1941 ஆகஸ்ட் 13. நிலவியலாளர் புரூஸ் மோல்னியா அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தது 2004 ஆகஸ்ட் 31. இரண்டுமே கோடையின் கடைசி. பழைய படத்தில் பள்ளத்தாக்கு நிறையப் பனிக்கட்டி, புதியதில் தண்ணீர். பனியாறு சுமார் 11 கிலோமீட்டர் பின்னால் போய்விட்டது.

என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது, "கொஞ்சம் முன்னபின்ன நின்னா என்னங்க, ஜூம் பண்ணிச் சரி செஞ்சுக்கலாம்" என்ற பேச்சு. ஆகாது! படத்தை வைத்து நிலம் அளப்பது என் தொழில், அதனால் சொல்கிறேன். ஜூம் படத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். எந்தப் பாறை எந்தச் சிகரத்தை மறைக்கிறது என்பதை நீங்கள் நிற்கும் இடம்தான் முடிவு செய்கிறது. பழைய படத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் அருகில் ஒரு பாறை முனையையும் அதற்கு நேர் பின்னே தெரியும் சிகரத்தையும் பிடியுங்கள். இப்போது நேரில் பார்க்கும்போது பாறை முனை சிகரத்துக்கு இடப்புறம் விலகித் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் அதிகம் போய்விட்டீர்கள், இடப்பக்கம் நகருங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்த பிறகு, வேறொரு ஜோடியை வைத்தும் சரிபாருங்கள். கேமராவைத் தூக்குவது அதற்கு அப்புறம்தான். எவரெஸ்ட்டின் வடபக்கம் ரோங்புக் பனியாற்றை மலையேற்ற வீரர் ஜார்ஜ் மலோரி 1921-இல் படமெடுத்த இடத்தை, மலையேறும் படப்பிடிப்பாளர் டேவிட் பிரீஷியர்ஸ் தேடிப் பிடித்து 2007-இல் மறுபடி எடுத்தார். பனியாறு ஏறத்தாழ 100 மீட்டர் தாழ்ந்து போனது எதிர்ச் சரிவிலேயே தெரிந்தது. பத்தடி தள்ளி நின்றாலே பாறைகள் ஒன்றையொன்று மறைப்பது மாறி, ஒப்பீடு தடுமாறியிருக்கும்.

இன்னொன்று. படத்தில் தெரியும் மாற்றமெல்லாம் வெப்பமயமாதல் ஆகிவிடாது. நீலகிரியின் பழைய படங்களில் புல்வெளியாக இருந்த எத்தனையோ சரிவுகளில் இன்று சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நிற்கின்றன. அவை மனிதர்கள் நட்டு, பிறகு பரவியவை. அதைப் பனியாற்றுப் படத்தோடு ஒரே பலகையில் ஒட்டாதீர்கள்.

இந்த வருசம் மலையேறப் போகிறவர்கள் தேதி, நேரம், நின்ற இடத்தின் ஜிபிஎஸ் மூன்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள். மலை முகடும் காலடிப் பாறையும் உள்ளே இருக்கட்டும். தயவுசெய்து, உங்கள் முகம் பனியாற்றை மறைக்காமல் ஒரு படமாவது எடுங்கள். கடையை மூடும் ஸ்டூடியோக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய மலைப்பட நெகட்டிவ்களை எடைக்குப் போடாதீர்கள். அருகில் உள்ள கல்லூரியின் புவியியல் துறையில் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது, ஊரும் தேதியும் எழுதிய உறையோடு சேர்த்தே கொடுங்கள்.