கறுப்பாகத் தெரியும் கட்டி

ஸ்கேன் அறிக்கையில் 'சிஸ்ட்' என்று இருப்பதைத் தமிழில் 'நீர்க்கட்டி' என்கிறோம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் மனத்தை அரிப்பது அச்சொல்லின் பின்பாதியான 'கட்டி'தான்; முன்பாதியில் உள்ள 'நீர்' மறந்துபோகிறது. ஸ்கேன் கருவி முதலில் கண்டுகொள்வதோ அந்த நீரைத்தான்.

வயிற்றின்மேல் வைக்கும் ஸ்கேன் கருவி ஏறத்தாழ 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், பெண்ணுறுப்பின் வழியாகச் செய்யும் கருவி 5 முதல் 9 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், காதுக்குக் கேட்காத ஒலியான மீயொலியை (அல்ட்ராசவுண்ட்) அனுப்புகின்றன. உடலுக்குள் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும் அந்த ஒலி, ஒரு திசு முடிந்து வேறொன்று தொடங்கும் எல்லைகளில் சிறிது சிறிதாக எதிரொலித்துத் திரும்புகிறது. எதிரொலி வந்த இடம் திரையில் வெளுப்பாகவும், வராத இடம் கறுப்பாகவும் தெரியும். தெளிந்த நீருக்குள் எல்லைகளே இல்லாததால் அது முழுக் கறுப்பாக இருக்கிறது. இதையே அறிக்கை 'அனெக்கோயிக்' என்று எழுதுகிறது. நீர் ஒலியை அதிகம் உறிஞ்சுவதில்லை என்பதால், கட்டிக்குப் பின்னாலுள்ள திசு வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும். கறுப்பாகத் தெரிவது உண்மையில் நீர்தானா என்ற ஐயத்தைப் பெரும்பாலும் தீர்ப்பது அந்தப் பின்புற வெளிச்சமே. சிறுநீர் முட்டும்வரை தண்ணீர் குடிக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்: நிரம்பிய சிறுநீர்ப்பை, காற்று அடைத்த குடலை ஒதுக்கிவிட்டு, சினைப்பையைப் பார்க்க ஒரு சன்னலாக நிற்கிறது.

பெண்ணோயியலில் இம்முறையின் தொடக்கமே ஒரு சினைப்பை நீர்க்கட்டியோடு பிணைந்தது. உலோகத்தில் விரிசல் தேடும் கருவியிலிருந்து தொடங்கி இம்முறையை உருவாக்கிய கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்டும் அவருடைய சகாக்களும், 1958-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அறுவைக்கு அப்பாற்பட்ட புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருப்பது பெரிய நீர்க்கட்டி என்று ஒலி காட்டியது. அது அகற்றப்பட்டு அவர் நலமடைந்தார்.

இப்போது ஓர் அறிக்கையின் வரியை எடுத்துக்கொள்வோம்: 'வலது சினைப்பையில் 42 × 38 மி.மீ. அளவுள்ள, மெல்லிய சுவர் கொண்ட, உள்தடுப்பற்ற, அனெக்கோயிக் சிஸ்ட்.' அளவைப் பார்த்துத் திடுக்கிடுவதற்கு முன், ஸ்கேன் எடுத்தது மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் என்று கேட்க வேண்டும். முட்டை வெளிவரும் முன் அதைச் சுமக்கும் சினைப்பைக் குமிழே 18 முதல் 25 மி.மீ. வரை வளர்கிறது, எனவே சுழற்சியின் நடுவில் தெரியும் 2 செ.மீ. 'நீர்க்கட்டி' அந்த மாதத்து இயல்பான வேலையாகவே இருக்கலாம். குமிழ் உடையாமல் மேலும் பெருத்தால் அறிக்கையில் உள்ளதைப் போன்ற எளிய கட்டியாகிறது. மாதவிடாய் நிற்காத பெண்களிடம் 5 செ.மீ.-க்குக் குறைந்த எளிய கட்டிகளுக்குப் பொதுவாகத் தொடர் ஸ்கேனே தேவையில்லை. 5 முதல் 7 செ.மீ. வரை இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கவும், அதைத் தாண்டினால் எம்.ஆர்.ஐ. அல்லது அறுவை பற்றி யோசிக்கவும் பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அளவு முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெரிய கட்டியின் பாரத்தால் சினைப்பை தன் காம்பைச் சுற்றி முறுக்கிக்கொள்ளலாம். திடீரென ஒரு பக்கமாகக் கடும் வலியும் வாந்தியும் வந்தால், பழைய அறிக்கையில் 'சாதாரணக் கட்டி' என்றிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கறுப்புக்குள் வேறு ஏதேனும் தெரிந்தால் வாசிப்பு மாறுகிறது. சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள், உள்ளே கசிந்து உறைந்த இரத்தத்தைக் காட்டுகின்றன. அது பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் கரைந்துவிடும். தேய்த்த கண்ணாடிபோல் ஒரே சீரான மங்கல், பழைய இரத்தம் தேங்கிய 'சாக்லேட் சிஸ்ட்' என்பதற்கான அடையாளம். வெளுத்த முடிச்சும் அதன் பின்னே இருண்ட நிழலும் தெரிந்தால், கொழுப்பும் முடியும் சில வேளை பல்லும்கூட அடங்கிய டெர்மாய்டு கட்டி நினைவுக்கு வரும். தடித்த தடுப்புகள், சுவரிலிருந்து உள்நோக்கி நீளும் திடப்பகுதி, அத்திடப்பகுதிக்குள் டாப்ளர் என்ற ஸ்கேன் முறை காட்டும் இரத்த ஓட்டம் ஆகியவையே கதிரியக்க மருத்துவரை நிறுத்தி யோசிக்க வைப்பவை. இந்த அடையாளங்களைக் கொண்டு புற்றுநோய் வாய்ப்பை மதிப்பிட்டு அறிக்கையில் தரும் எண்தான் 'ஓ-ராட்ஸ்': 2 என்றால் புற்றுநோய் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு, 5 என்றால் 50 சதவீதம் அல்லது அதற்கு மேல். மாதவிடாய் நின்ற பிறகு, எளிய கட்டியைக்கூடச் சற்றுக் கூடுதல் கவனத்துடன் பின்தொடர்வார்கள்.

இளம்பெண்களின் அறிக்கைகளில் அதிகம் குழப்புவது 'பி.சி.ஓ.டி.' (பாலிசிஸ்டிக் ஓவரியன் டிசீஸ்) என்ற குறிப்பு. இதையும் நீர்க்கட்டி என்றே அழைப்பது நம் பேச்சுவழக்கின் துரதிருஷ்டம் என்பேன். சினைப்பையின் விளிம்பில் முத்துமாலைபோல் தெரிபவை, முதிராமல் பாதியில் நின்றுபோன சின்னஞ்சிறு குமிழ்கள். குத்தி எடுக்கவோ வெட்டி அகற்றவோ அங்கே கட்டி எதுவும் இல்லை. ஒரு சினைப்பையில் 20 குமிழ்களுக்குக் குறையாமல் இருப்பதோ, கொள்ளளவு 10 மி.லி.-ஐ எட்டுவதோ இன்றைய அளவுகோல். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும்; 4 × 2.5 × 2 செ.மீ. என்ற சினைப்பை 10.4 மி.லி. ஆகிறது. ஆயினும் பூப்பெய்திய பின் 8 ஆண்டுகள் வரை, இயல்பான சினைப்பையிலும் குமிழ்கள் நிறைய இருக்கும் என்பதால், ஸ்கேனை வைத்து இந்நோயை முடிவுசெய்ய வேண்டாம் என்று பன்னாட்டு வழிகாட்டுதல் எச்சரிக்கிறது.

கர்ப்பப்பை வாயில் 'நபோத்தியன் சிஸ்ட்' என்று எழுதியிருந்தால் கதையே வேறு. அங்கே சளி சுரக்கும் சுரப்பிகளின் வாய்மேல், பிரசவத்துக்குப் பின்னோ பழைய அழற்சி ஆறும்போதோ, வேறு வகைத் தோலணுக்கள் படர்ந்து மூடிவிட, வெளியேற வழியில்லாத சளி உள்ளேயே தேங்கிக் குமிழாகிறது. பெரும்பாலும் சில மி.மீ. அளவே உள்ள இவற்றுக்கு மருந்தும் தேவையில்லை, அறுவையும் தேவையில்லை. ஆழமாகக் கொத்துக் கொத்தாகக் குமிழ்கள் இருந்து, கூடவே திடப்பகுதியோ ஓயாமல் நீர் போன்ற வெள்ளைப்படுதலோ இருந்தால் மட்டுமே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய இந்த ஸ்கேன் போதாது. அதற்குக் கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது அப்புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனையைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.