ஒற்றையா இரட்டையா: குவாண்டம் பிணைப்பை அளக்கும் வழி

ஒரு குவாண்டம் அமைப்பின் இரண்டு பாதிகளுக்கு நடுவே எவ்வளவு பிணைப்பு (entanglement, அதாவது ஒன்றை விட்டு இன்னொன்றைத் தனியாக விவரிக்க முடியாதபடி பின்னிக்கிடப்பது) இருக்கிறது என்று அளக்க வேண்டும். முழு நிலையையும் கண்டுபிடித்துக் கணக்குப் போடலாமே என்றால், 20 க்யூபிட்டுக்கே (இரண்டு நிலைகள் கொண்ட குவாண்டம் அலகு) ஒரு லட்சம் கோடிக்கு மேல் எண்கள் தேவைப்படும், அது நடக்காத காரியம்.

நல்லவேளையாக, அவ்வளவும் தெரிய வேண்டியதில்லை. குவாண்டம் உலகில் முழு அமைப்பைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்திருந்தும் அதன் பாதியைப் பற்றித் தெளிவில்லாமல் இருக்கலாம் என்று 1935-லேயே இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் சொல்லிவிட்டார். இந்தத் தெளிவைத்தான் தூய்மை என்கிறார்கள். முழுசைவிடப் பாதியின் தூய்மை குறைவாக இருந்தால் பிணைப்பு இருப்பது உறுதி.

அப்போ தூய்மையை அளப்பது எப்படி? 2015-இல் ஹார்வர்டில் இயற்பியலாளர் மார்கஸ் கிரைனரின் குழு இதைச் செய்து காட்டியது. லேசர் ஒளியாலான குழிகளில் நான்கு ரூபிடியம் அணுக்கள் ஒரு வரிசை, பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொரு வரிசை. நடுவிலுள்ள தடுப்பைக் கணக்கான நேரத்துக்கு மட்டும் தாழ்த்தினால் எதிரெதிர்க் குழிகளின் அணுக்கள் கலக்கும். இவை போசான்கள் (ஒரே நிலையில் ஒன்றாகச் சேரக்கூடிய வகைத் துகள்கள்) என்பதால், வேறுபாடே இல்லாத இரண்டு அணுக்கள் எதிரெதிரே இருந்து கலந்தால் இரண்டும் ஒரே பக்கம்தான் போய்ச் சேரும். அதனால் இரண்டு வரிசைகளும் ஒரே தூய நிலையில் இருந்தால், கலந்த பிறகு ஒரு வரிசையில் எண்ணும் அணுக்கள் எப்போதும் இரட்டைப்படை. இரட்டைக்கு +1, ஒற்றைக்கு -1 என்று போட்டு, பலமுறை செய்து சராசரி எடுத்தால் அதுவே தூய்மை. அவ்வளவுதான்! வரிசையின் பாதியை மட்டும் எண்ணினால் பாதியின் தூய்மை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய நுண்ணோக்கி. ஒரே குழியில் இரண்டு அணுக்கள் இருந்தால் படமெடுக்கும் ஒளியிலேயே மோதி இரண்டும் வெளியே ஓடிவிடும், ஆகவே ஒற்றையா இரட்டையா என்பது மட்டும்தான் தெரியும். மற்ற சோதனைகளில் தொல்லையான இந்தக் குறை இங்கே தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அணுக்கள் அதனதன் குழியில் அடைபட்டிருந்தபோது முழுசும் பாதியும் தூய்மையாகவே இருந்தன. குழிக்குக் குழி தாவவிட்டதும் பாதியின் தூய்மை மட்டும் நன்றாகச் சரிந்தது, பிணைப்பு எண்ணாகவே கைக்கு வந்துவிட்டது.

ஆனால் அச்சு அசலான நகல் கிடைப்பது எல்லா இடத்திலும் சாத்தியமில்லை. 2019-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் குழு நகலே இல்லாமல், ஒவ்வொரு கால்சியம் அயனியின் குவாண்டம் நிலையையும் தற்செயலான திசையில் திருப்பித் திருப்பி அளந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் முடிவுகள் அதிகமாக ஏறி இறங்கினால் தூய்மை அதிகம், மாறாமல் தட்டையாகவே வந்தால் குறைவு. இப்படி 10 அயனிகள் வரை அளந்தார்கள். பகுதி பெரிதாகப் பெரிதாக அளவீடுகளின் எண்ணிக்கை மடமடவென்று ஏறுவதுதான் இதிலுள்ள சிக்கல்.