பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேட்டு வராதீர்கள்

மார்ச் 8 நெருங்கும்போதெல்லாம் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "டீச்சர், உலகப் பெண்கள் நிலையில இந்தியா எத்தனையாவது இடம்?" பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கேட்பவர்கள். செமினார் இருக்கும், ப்ராஜெக்ட் இருக்கும், இல்லாவிட்டால் மகளிர் தினப் பேச்சுப்போட்டி. ஓர் எண் கிடைத்தால் போதும், பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள்.

இத்தனை நாள் பொறுமையாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை நூலகத்தில் வைக்கச் சொல்லி வந்த ஓர் இறுதியாண்டு ப்ராஜெக்டைப் புரட்டிய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. தங்க எழுத்து போட்ட பைண்டிங், வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது. உள்ளே இந்த வரிகள்: "2011-இல் ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்கள். 2021-இல் 1020 பெண்கள். பத்தே ஆண்டில் 77 பெண்கள் கூடியுள்ளனர். எனவே பெண்சிசுக் கொலை ஒழிந்துவிட்டது."

இரண்டு எண்ணும் நிஜமானவை. ஆனால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தது தப்பு. 943 என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நாட்டில் உள்ள எல்லாரையும் எண்ணிய கணக்கு. 1020 என்பது 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு. சுமார் 6.37 லட்சம் வீடுகளை மாதிரியாக எடுத்து, முந்தின இரவு அந்த வீட்டில் தங்கியவர்களை எண்ணியது. வேலைக்கு வெளியூர் போன ஆண், பட்டாள முகாமில் இருப்பவன், கட்டட வேலைக்குப் போய் சைட்டிலேயே படுத்துக்கொள்பவன், இவர்கள் யாரும் அதில் வரமாட்டார்கள். அதே ஆய்வில் கேரளத்துக்கு 1121 என்று இருக்கிறது. கணக்கெடுப்பிலோ 1084. வளைகுடாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்தாலே ஒரு காரணம் புரிந்துவிடும்.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றுக்கு. அந்த ஆய்வின் தகவல் தாளில் 1020 இருக்கும் வரிக்கு அடுத்த வரி என்ன தெரியுமா? கடந்த ஐந்தாண்டில் பிறந்த குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்பது. அது 929. பெண் குழந்தைகள் பிறக்கவிடப்படுகிறார்களா என்று சொல்கிற எண் அதுதான். ஒரே ஒரு வரி கீழே பார்த்திருந்தால் அந்த முடிவை எழுதியிருக்க முடியாது. அந்தப் பிள்ளை தகவல் தாளையே பார்க்கவில்லை. எங்கோ வாட்ஸ்அப்பில் வந்த படத்திலிருந்து எடுத்திருக்கிறது.

சரி, இனி அந்த "எத்தனையாவது இடம்" விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆசிரியர்களுக்கும் இதில் குழப்பம் இருக்கிறது.

பெண்கள் நிலையை அளக்க ஒரே ஒரு உலகப் பட்டியல் கிடையாது. 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளி அறிக்கையில் இந்தியா 146 நாடுகளில் 135. அதே 2022-க்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் போட்ட பாலின ஏற்றத்தாழ்வுக் குறியீட்டில் 166 நாடுகளில் 108. இரண்டில் எது சரி என்று கேட்கிறார்கள். இரண்டும் சரிதான், அளந்த பொருள்தான் வேறு. மன்றத்தின் அறிக்கை ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்க்கிறது, நிலை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது அதன் வேலையே இல்லை. ஒரு நாட்டில் நூற்றுக்கு நாற்பது பையன்களும் நாற்பது பெண்களும் மட்டுமே பள்ளிக்குப் போனால், அங்கே இடைவெளி இல்லை, முழு மதிப்பெண். இன்னொரு நாட்டில் நூற்றுக்கு நூறு பையன்களும் தொண்ணூற்றைந்து பெண்களும் போனால், அது கீழே. எந்த நாட்டில் உங்கள் தங்கையைப் படிக்க வைப்பீர்கள்?

அதே 2022 பட்டியலில் ருவாண்டா 6, அமெரிக்கா 27. உடனே "ருவாண்டாப் பெண்கள் அமெரிக்கப் பெண்களைவிட நன்றாக வாழ்கிறார்கள்" என்று மேடையில் பேசிவிடுகிறார்கள். ருவாண்டா மேலே வந்ததற்கு முக்கியமான ஒரு காரணம், 2003 அரசியலமைப்பில் முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30 சதவீதம் பெண்கள் என்று எழுதிவைத்ததும், 2018 தேர்தலுக்குப் பின் கீழவையில் 61 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் அமர்ந்ததும். அது பெரிய சாதனை, மறுக்கவே இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-க்குக் கொடுத்த மதிப்பீட்டில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் ருவாண்டாவில் 259, அமெரிக்காவில் 21. இந்தத் தாய் இறப்பு எண், உலகப் பொருளாதார மன்றத்தின் மதிப்பெண்ணில் சேரவே சேராது. ஐ.நா. குறியீட்டில் சேரும்.

இன்னொன்றும் பாருங்கள். 2006-இல் மன்றத்தின் முதல் அறிக்கை வந்தபோது இந்தியா 98. 2023-இல் 127. "பெண்கள் நிலை 29 இடம் சரிந்தது" என்று தலைப்பு போடலாமா? 2006-இல் பட்டியலில் இருந்தவை 115 நாடுகள், 2023-இல் 146. மதிப்பெண்ணைப் பார்த்தால் 0.601-இலிருந்து 0.643 ஆகக் கூடியிருக்கிறது. இடம் இறங்கியிருக்கிறது, மதிப்பெண் ஏறியிருக்கிறது. வகுப்பில் முப்பது பேர் புதிதாகச் சேர்ந்த வருடத்து ரேங்க் கார்டைப் பழைய கார்டோடு ஒப்பிடுகிற மாதிரிதான் இது. இடத்தை எழுதினால் மதிப்பெண்ணையும் நாடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டையும் எழுத மனமில்லையென்றால் இடத்தையும் எழுதாதீர்கள்.

குற்ற எண்ணிக்கையை வைத்து நாடுகளை வரிசைப்படுத்துவது இதைவிட மோசம். ஸ்வீடனில் பாலியல் வன்முறை வழக்குகள் அதிகம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அங்கே ஒருவர் மீது பல நாள் நடந்த குற்றம் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாகும், சட்டத்தின் வரையறையும் 2005-லும் 2018-லும் விரிவானது. போலீஸ் எண் சொல்வது புகாரின் கதையை. நடந்த வன்முறையை அறிய வேண்டுமானால், பெண்ணைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கும் ஆய்வுகளுக்குப் போக வேண்டும். குடும்பநல ஆய்வில் அந்தக் கேள்வி இருக்கிறது. கணவரிடம் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் கேரளத்தில் சுமார் 10 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் 38.

எண்ணே இல்லாமல் போகிற பெண்களும் உண்டு. போன வருடம் ஒரு மாணவி "உலகில் பெண்களும் உழைப்பும்" என்று தலைப்பு எடுத்திருந்தாள். 2011 கணக்கெடுப்பில் கேரளப் பெண்களின் எழுத்தறிவு 92 சதவீதம், ஆனால் வேலை செய்வோர் 18.2 சதவீதம்தான். தமிழ்நாட்டில் எழுத்தறிவு 73, வேலை 31.8. இதைப் பார்த்துவிட்டு, "படிச்சதுனால வேலைக்குப் போகலையா டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, அதை அப்புறம் பார்ப்போம், முதலில் உன் அம்மா என்ன செய்கிறார் என்றேன். "அம்மா சும்மா வீட்டுலதான் இருக்காங்க." விடிகாலை என்ன செய்வார்? கட்டுத்தரையைக் கூட்டி, நாலு மாட்டுக்கும் தீவனம் வைத்து, பால் கறந்து, ஆறரைக்குள் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவார். பாஸ்புக் அப்பா பேரில்.

கணக்கெடுப்பின் வரையறைப் பக்கத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுவதும் வேலைதான். வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் உற்பத்தி செய்தாலும் அவர் தொழிலாளிதான். அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. அவளே வாய்விட்டுப் படித்துவிட்டு, "அப்போ எங்கம்மா இதுல வரணுமே" என்றாள். வரணும். ஆனால் கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்டது யாரை? திண்ணையில் இருந்த ஆணை. அவர் சொன்ன பதில் "வீட்டு வேலை". விதி சரியாக இருந்தும் கேள்வி போன இடத்தில் அம்மா விழுந்துவிட்டார். இதை ஈடுசெய்யத்தான் நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. 2019 ஆய்வின்படி வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள், ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அந்த மாணவி பிறகு எழுதிய கட்டுரையை மற்ற பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டிவருகிறேன்.

சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் ஒரு சொல். பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாட்டையும் ஒழிக்கும் உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979-இல் ஏற்றது, இந்தியா 1993-இல் உறுதிசெய்தது. இதை மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள். சேர்ந்த ஒவ்வொரு நாடும் அவ்வப்போது அறிக்கை தர வேண்டும். அரசு அறிக்கை ஒருபக்கம், அதை மறுத்தும் திருத்தியும் மகளிர் அமைப்புகள் தரும் நிழலறிக்கை இன்னொரு பக்கம், இரண்டையும் படித்துவிட்டு நிபுணர் குழு எழுதும் முடிவுரை மூன்றாவது. ஒரு நாட்டுப் பெண்களைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரமிருக்கிறது என்றால் அந்த முடிவுரையைப் படியுங்கள். சில பக்கங்கள்தான், இணையத்தில் இலவசம். ஆங்கிலம் கடினமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து படிக்கலாம்.

"உலக நிலை" என்று தலைப்பு எடுக்கும் முன் நம் எல்லையையே பாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை பற்றிய சட்டம் 2005 வரைக்கும் வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கேரளம் 1975 சட்டத்தால் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே எடுத்துவிட்டது. தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்து, அதற்குமுன் கல்யாணமாகாத மகள்களுக்கு மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கோ 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அப்பா சொத்தில் சமபங்குக்கு வழி திறந்தது. அக்கா தங்கை இருவரில் ஒருத்தி பொள்ளாச்சியிலும் ஒருத்தி பாலக்காட்டுச் சித்தூரிலும் இருந்தால், இருவர் கதையும் ஒன்றல்ல. "மேலைநாடுகள் முன்னேறியவை" என்று ஆரம்பிப்பவர்களுக்கு: இலங்கையில் பெண்கள் ஓட்டுப்போட்டது 1931-இல், ஸ்விட்சர்லாந்து நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது 1971-இல்.

நூலகத்துக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. பெண்கள் பற்றிய நூல்களுக்கான 305.4 எண் அலமாரியை மட்டும் பார்த்துவிட்டு "வேற புக்கே இல்ல" என்று போகாதீர்கள். பெண் தொழிலாளர் 331.4-இல் இருக்கிறார்கள், அரசியல் உரிமை 323.34-இல், சொத்தும் திருமணமும் 346-இல். இந்தப் பொருள் நூலகம் முழுக்கச் சிதறித்தான் இருக்கும், அதற்குத்தான் நான் இருக்கிறேன். நம் கிராமத்துக் கணக்கு வேண்டுமா, மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் கிராமம் வாரியாக இருக்கிறது. உலக அறிக்கையைப் பிரதி எடுப்பதைவிட எருத்தேம்பதியையும் உலகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நூறு மடங்கு நல்ல ப்ராஜெக்ட். கல்லூரிகளுக்கான மின்னிதழ், மின்னூல் சேவையான என்-லிஸ்ட்டின் கடவுச்சொல் வாங்காமல் மூன்று வருடம் முடிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வெளியே காசு கேட்கிற பல நூல்களும் இதழ்களும் அதில் திறக்கும். சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இருக்கின்றன, தமிழில் எழுதியவையும் உண்டு.

சாட்பாட் கொடுத்த நூற்பட்டியலோடு தயவுசெய்து வராதீர்கள். இந்த வருடம் வந்த பட்டியல்களில் பல நூல்கள் எந்த நூலக அட்டவணையிலும் இல்லை, ஏனென்றால் அவற்றை யாரும் எழுதவே இல்லை. ஆசிரியர் பெயர் நிஜமாக இருக்கும், பதிப்பகம் நிஜமாக இருக்கும், நூல் மட்டும் இருக்காது. ஒரு நூலைக் கையால் தொட்டோ திரையில் திறந்தோ பார்க்காமல் உங்கள் பட்டியலில் ஏற்றக்கூடாது.

எண் எழுதினால் பக்கத்திலேயே நாலு விஷயம் எழுத வேண்டும்: யார் எண்ணியது, எந்த ஆண்டு, யாரை எண்ணியது, எந்த அட்டவணை. தற்காலிக எண்ணா இறுதி எண்ணா என்பதும் முக்கியம். 2011-க்கே முதலில் 940 என்றுதான் வந்தது, பிறகுதான் 943. இன்னும் 940-ஐ எழுதுகிறார்கள்.

இப்படிப் பொறுமையாக எண் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வரலாறு. 1971-இல் ஃபுல்ரேணு குகா தலைமையில் இந்தியப் பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1974 முடிவில் 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கை தயாரானது. 1901-இல் 972 ஆக இருந்த பாலின விகிதம் 1971-இல் 930 ஆக இறங்கியிருப்பதை அதில் எடுத்து வைத்தார்கள். அந்த எண்கள் ரகசியமானவை அல்ல, கணக்கெடுப்புத் தொகுதிகளில் அச்சாகிக் கிடந்தவைதான். வரிசையாக வைத்துப் படிக்க ஆள் இல்லாமல் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் பெண்கள் முன்னேறிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையை அந்த அறிக்கை உடைத்தது. நம் நாட்டில் பெண்ணியல் ஒரு படிப்பாக வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்டில் கையெழுத்துப் போடும் முன் ஏதாவது ஒரு எண்ணில் விரலை வைத்து, "இது எந்தப் பக்கத்திலிருந்து?" என்று கேளுங்கள். பிள்ளை முழித்தால் திட்ட வேண்டாம், நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் செமஸ்டர் தொடக்கத்திலேயே அனுப்புங்கள். பைண்டிங் கடைக்குப் போகிற வழியில் வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.