போட்ட மணிச்சத்து எங்கே போகும்?

தழைச்சத்து, மணிச்சத்து என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டின் குணமும் வேறு. தழைச்சத்தான நைட்ரஜன் காற்றிலிருந்து வரும், காற்றுக்கே திரும்பும். மணிச்சத்தான பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. பாறை கரைந்து, சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு வரவேண்டும். 1842-ல் இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு சொட்டாக வந்தது மூட்டையாக வரத் தொடங்கியது.

அதுவரை செடிகள் எப்படிச் சமாளித்தன? வேர் உறிஞ்சும் வடிவிலுள்ள பாஸ்பரஸான பாஸ்பேட் மண்ணில் லேசில் நகராது. தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை வேர் உறிஞ்சிவிட்டால் அவ்வளவுதான், அந்த வட்டாரம் காலி. அப்புறம் பூஞ்சையின் தயவு வேண்டும். வேரில் ஒட்டி வாழும் பூஞ்சை இழைகள் சென்டிமீட்டர் கணக்கில் தள்ளிப்போய் பாஸ்பேட்டைக் கொண்டுவரும். செடி கூலியாகச் சர்க்கரை கொடுக்கும். போதாததற்கு, வேரும் நுண்ணுயிர்களும் பாஸ்பட்டேஸ் என்ற நொதியைச் சுரந்து மட்குக்குள் மாட்டியிருப்பதையும் கத்தரித்து எடுக்கும்.

உரம் கொட்டினால் இந்தக் கொடுக்கல் வாங்கல் படுத்துவிடுகிறது. பாஸ்பேட் சும்மா கிடைக்கும்போது கூலி எதற்கு? பூஞ்சை குறைகிறது, நொதியும் குறைகிறது. நைட்ரஜன் கதை நேர்மாறு. காற்றிலுள்ள ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்க, வேர்முடிச்சு பாக்டீரியாவுக்குக் குறைந்தது 16 ஏடிபி, அதாவது உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு, செலவாகும். ஏடிபியைக் கட்டவே பாஸ்பேட் வேண்டும். அந்தப் பஞ்சம் தீர்ந்தால் நைட்ரஜன் வரவும் அதிகமாகலாம். பிரேசிலில் மனாஸ் அருகே அமேசான் காட்டில் பாஸ்பரஸ் போட்டுப் பார்த்தார்கள். இரண்டே ஆண்டில் நுண்வேரும் இலையும் கூடுதலாக வளர்ந்தன. அடிமரம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

எல்லாச் செடிக்கும் இது விருந்தும் இல்லை. தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் சத்தில்லாத மண்ணில் வளரும் பேங்க்சியா வகைகள் சிலவற்றுக்கு ‘போதும்’ என்று நிறுத்தத் தெரியாது. உறிஞ்சிக்கொண்டே போய், இலை கருகிச் சாகும்.

சரி, மிச்சம் எங்கே? போட்ட ஆண்டில் பயிர் எடுப்பது பெரும்பாலும் கால்பங்குகூட இல்லை. மற்றதில் ஒரு பகுதி மண்ணோடு அரித்துக்கொண்டு ஆற்றுக்குப் போகும். பெரும்பகுதியை இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண் என்றால் கால்சியமும், பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு காலம்? வடகிழக்கு பிரான்ஸில் ரோமானியர் காலத்தில் உழுது, பிறகு கைவிட்டுக் காடாகிப்போன நிலம் ஒன்று உண்டு. அங்கே பழைய வயல் இருந்த இடத்தில் மணிச்சத்து இன்றும் அதிகம். முளைத்து நிற்கும் செடி வகைகளும் வேறு.