விதான்ஸ்: எண்ணெய் வடிப்பும் நெய்யரியும்

மொரிஷியஸில் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்தால், பார்க்கிறவர்கள் கேட்பது "தோ ஃபின் ஃபேர் விதான்ஸ்?" விதான்ஸ் செய்தாயிற்றா என்று, பிரெஞ்சிலிருந்து வளர்ந்த இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்கிறார்கள். ரோஸ் ஹில்லில் என் பழைய ஹோண்டா சி90 வந்து நின்ற அன்றும் அதையேதான் கேட்டார்கள். இன்ஜின் எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றும் வேலைக்கு இங்கே அதுதான் பெயர். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் "விதான்ஸ் பண்ணணும்" என்றே சொல்கிறோம். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. பிரெஞ்சில் இது விதாஞ். 'விதே' என்றால் காலி செய்தல். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல். வெறுமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு உறவு. ஆங்கில 'வாய்ட்' இதற்குப் பங்காளி. பிரான்சில் மலக்குழியைக் காலி செய்யும் வேலைக்கும் இதே பெயர் இருந்தது. மோட்டார் வண்டிகள் வந்தபின் எண்ணெய்க்குப் பொருந்தியது. 1810-இல் பிரிட்டிஷார் இந்தத் தீவைப் பிடித்தார்கள், 1968 வரை ஆண்டார்கள். அலுவலகத்துக்கு ஆங்கிலம் வந்தது. பட்டறையில் பிரெஞ்சும் கிரியோலும் அப்படியே இருந்துவிட்டன.

இந்தச் சொல்லில் ஒன்றைக் கவனியுங்கள். காலி செய்வதை மட்டும்தான் சொல்கிறது. புதிய எண்ணெய் ஊற்றுவது அதில் இல்லை. ஆனாலும் முழு வேலைக்கும் அதுவே பெயர். நம் அடுக்களையிலும் இதே வழக்கம் உண்டு. "சோறு வடிச்சாச்சா?" என்று கேட்டால் அரிசி களைந்தது, உலை வைத்தது, வேகவிட்டது எல்லாம் அடங்கிவிடுகிறது. கடைசியில் கஞ்சியை வடிக்கிற ஒரு செயல் சமையல் முழுவதற்கும் பெயராகி நிற்கிறது. அதனால்தான் 'எண்ணெய் மாற்றம்' என்ற சொல்லைவிட எனக்கு 'எண்ணெய் வடிப்பு' பிடிக்கிறது. மாற்றம் பொதுச்சொல், டயரையும் மாற்றலாம், பல்பையும் மாற்றலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. கை மாறி வந்த வண்டியில் உண்மை தெரிவது வடிக்கும்போதுதான். விற்றவர் போன மாதம்தான் விதான்ஸ் செய்ததாகச் சொன்னார். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். சூடான எண்ணெய் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினேன். தார் மாதிரி கறுப்பாக, கொஞ்சம்தான் விழுந்தது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறத்தது. ஒரு மாத எண்ணெய் அப்படி இருக்காது. சி90-இல் கியருக்கும் கிளட்சுக்கும் இதே எண்ணெய்தான், அதுவும் ஒரு லிட்டருக்கும் குறைவு. அந்த நறநறப்பு எல்லா உறுப்பிலும் ஓடியிருக்கிறது என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. (புதிதாக ஊற்ற காருக்கான எண்ணெயை எடுக்காதீர்கள், டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற, மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கான தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். வடித்ததை வடிகாலில் ஊற்றவே கூடாது.)

எண்ணெய் என்ற சொல்லையும் தொட்டுவிடலாம். கிரியோலில் தெல்வில். பிரெஞ்சு 'வில்' என்ற சொல் முன்னால் வரும் 'தெ', 'ல்' என்ற சிறுசொற்களையும் சேர்த்துக்கொண்டு ஒட்டிப்போனது. அந்த 'வில்' ஆலிவ் எண்ணெயைக் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்தது. நம் எண்ணெய் எள் + நெய். அவர்கள் காயைப் பிழிந்தார்கள், நாம் விதையை ஆட்டினோம். இன்ஜினுக்குள் இருப்பது இரண்டுமே இல்லை.

அப்புறம் ஃபில்டர். கிரியோலில் ஃபில்த். பழைய லத்தீன் வடிவத்துக்குப் பொருள் நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளித் துணி, அதாவது ஃபெல்ட். வடிக்க அந்தத் துணியைத்தான் பயன்படுத்தினார்கள். பழைய ஆங்கிலேய வண்டிகளான மேட்ச்லெஸ், ஏஜேஎஸ் ஆகியவற்றின் எண்ணெய்த் தொட்டியில் உண்மையான ஃபெல்ட் வடிகட்டியே இருந்தது. அங்கே பெயரும் பொருளும் ஒன்று. நம் 'வடிகட்டி'யிலும் பானை வாயில் துணி கட்டி வடித்த கை தெரிவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

என் சி90-இல் காகித வடிகட்டி கிடையாது. வலப்பக்க மூடியைக் கழற்றினால் இரண்டு உறுப்புகள். ஒன்று கம்பி வலை. அதைச் சல்லடை என்று சொன்னால் போதும். மற்றது கிளட்சோடு சேர்ந்து சுழலும் சிறு கிண்ணம். எண்ணெய் அதற்குள் சுழலும்போது கனமான உலோகத்தூள் விளிம்புக்கு ஒதுங்கி ஒட்டிக்கொள்ளும். சுளகில் புடைக்கும்போது கனத்தது ஒரு பக்கமும் பதர் ஒரு பக்கமும் பிரிகிற மாதிரி. அந்த மூடியைத் திறக்காமல் எண்ணெயை மட்டும் வடித்தால் பாதி வேலைதான். என் கிண்ணத்தில் கசண்டு கத்தியால் சுரண்டும் அளவுக்குக் கெட்டியாகப் படிந்திருந்தது.

எண்ணெயின் அழுக்கைப் பிடிக்கும் உறுப்புக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: நெய்யரி. அரித்தல் என்றால் கல்லும் மண்ணும் நீக்குதல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூலில் கடை மாணாக்கருக்கு உவமை சொல்லும்போது ஓட்டைக்குடம், ஆடு, எருமையோடு நெய்யரியையும் சேர்த்தார். உரைகாரர்கள் அதைப் பன்னாடை என்கிறார்கள், தென்னை, பனை மட்டையின் அடியில் இருக்கும் வலைபோன்ற நார். நல்லதை ஒழுகவிட்டு அழுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும் மாணவன் என்று பொருள். மாணவனுக்கு அது குறை. இன்ஜினில் வேண்டியதே அந்தக் குணம்தான். ஆயில் ஃபில்டருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. காற்றுக்கு மட்டும் காற்று வடிகட்டி என்றே வைத்துக்கொள்ளலாம், அங்கே நெய் இல்லையே.

இந்தத் தீவின் கிரியோலுக்கு நாம் சொல் தந்திருக்கிறோம். கறிவேப்பிலையைக் 'கரிபுலே' என்றும், முருங்கைக் கீரையை 'ப்ரேத் முரும்' என்றும் சந்தையில் எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். அவை அடுக்களைச் சொற்கள். பட்டறைக்கும் நம்மிடம் சொல் உண்டு, எடுத்துப் புழங்கினால் போதும். மெக்கானிக்கிடம் விதான்ஸ் என்றே சொல்கிறேன், அது அவர் மொழி. வண்டியின் பெட்டியில் இருக்கும் குறிப்பேட்டில் மட்டும் ஓடிய கிலோமீட்டரும் தேதியும் எழுதி, பக்கத்தில் 'எண்ணெய் வடிப்பு, நெய்யரி கழுவியது' என்று எழுதுகிறேன்.